கை நீட்டாதவள்

ஒராசா ஊர்க் கோயிலில், பெரிய நோன்பு தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமை, மரித்துப்போன பாவிகளுக்காக வேண்டிக்கொள்ளும்போது இன்றைக்கும் இப்படித்தான் வாசிக்கிறார்கள்: "தோம்னிகா. குதிரைக்காரன் ஹெர்மியாஸின் மனைவி. கட்டிய கணவன் உயிரோடிருக்கையிலேயே கண்வீச்சாலும் இன்சொல்லாலும் பிற ஆடவரை மயக்கி, மொய்கேயா என்னும் பெரும்பாவத்தில் விழுந்து, திருவிருந்து அப்பத்துக்கு விலக்காக நெடுங்காலம் நின்று, மனந்திரும்பி மரித்தவள்."

இதை எழுதிய குருவானவர் வெளியூர்க்காரர். தோம்னிகாவைக் கண்ணால் கண்டதில்லை. கண்டிருந்தால் கண்வீச்சு என்ற சொல்லை எழுதக் கொஞ்சம் தயங்கியிருப்பார். அவளுக்கு ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. இன்சொல் விஷயமும் அப்படியே. அவள் வாய் திறந்தால் எதிர்ப்பாறைப் புறாக்கூடுகளில் அடைந்திருக்கும் புறாக்கள் ஒருமுறை எழும்பிச் சுற்றிவிட்டுத்தான் உட்காரும். குள்ளமான உடம்பு, வீங்கிய கணுக்கால். உப்புக்கண்டம் போடுகிறவள் என்பதால் பூண்டும் வெந்தயமும் கலந்த வாடை தெருமுனையில் முதலில் திரும்பும், பிறகு அவள் திரும்புவாள். ஹெர்மியாஸே அவளிடம் மயங்கிக் கட்டிக்கொண்டவன் அல்ல. அவளோடு இரண்டு பெட்டைக் குதிரைகள் வந்தன, நல்ல சாதிக் குதிரைகள்.

அவளுக்கு மயக்கத் தெரியாதே தவிர, மற்றவர்கள் மயங்கினால் உடனே தெரிந்துவிடும். யார் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது, யார் மனசில் என்ன வேகிறது என்பதெல்லாம் காலை உணவுக்குள் அவளிடம் வந்து சேரும். உச்சிவேளைக்குள் ஊருக்குப் போய்ச் சேரும். மொய்கேயா என்ற சொல்லை ஒராசாவில் அப்போதிருந்த குருவானவரைவிட அதிகமாக உச்சரித்தவள் அவள்தான். குருவானவர் வேதத்தில் வரும்போது மட்டும் சொல்வார். அவள் கிணற்றடியில், பெயர்களோடு சேர்த்துச் சொல்வாள்.

அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் ஒரு தராசு உண்டு. அடுத்தவன் மனைவியைத் தொட்டால் மொய்கேயா. கட்டியவள் புருஷனல்லாதவனைத் தொட்டாலும் மொய்கேயா; பதினைந்து வருடம் அப்பம் இல்லை. ஆனால் கட்டியவன் வீட்டில் மனைவியை வைத்துவிட்டு, யாருக்கும் மனைவியாக இல்லாத சத்திரத்துப் பெண்ணிடம் போனால் அதற்கு வேறு சொல், போர்னேயா என்பார்கள். அது கொஞ்சம் எடை குறைவு. அவன் திரும்பி வந்தால் மனைவி கதவைத் திறக்க வேண்டும். அவள் போய்த் திரும்பினால் அவன் கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் அவனும் பாவத்தில் பங்காளி. இதில் குழப்பம் ஏதுமில்லை என்று ஆண்கள் அனைவரும் ஒரே குரலில் சொல்வார்கள்.

தண்டனை அனுபவிப்பவர்களுக்குக் கோயிலில் இடம் பிரித்திருந்தார்கள். சிலர் வாசலுக்கு வெளியே பனியில் நின்று, உள்ளே போகிறவர்களின் அங்கியைப் பிடித்து அழ வேண்டும். சிலர் முன்மண்டபத்தில் நின்று வேதம் கேட்டுவிட்டு வெளியேற வேண்டும். சிலர் உள்ளே முழங்காலிடலாம். கடைசிப் படியில் இருப்பவர்கள் எல்லோரோடும் கடைசிவரை நிற்கலாம். அப்பம் மட்டும் கிடையாது. மொய்கேயாவில் விழுந்ததாகத் தானே வந்து சொன்ன பெண்ணை மட்டும் முதல் மூன்று படிகளில் நிறுத்துவதில்லை. காரணம், முன்னொரு காலத்தில் மலைக்கு அந்தப் பக்கம் ஒருத்தியை வாசலில் நிறுத்தி அழவைத்தார்கள். அவள் புருஷன் அந்த வழியாகத்தான் உள்ளே போனான். அடுத்த ஞாயிறு அழ அவள் உயிரோடு இல்லை. அதற்குப் பிறகு பெரியவர்கள் கூடி, அப்படிப்பட்டவளின் பெயரை வெளியிடாமல் நேராகக் கடைசிப் படியில் நிறுத்துங்கள் என்று இரக்கத்தோடு விதித்துவிட்டார்கள்.

இந்த இரக்கம்தான் தோம்னிகா வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அந்த வருடம் இலையுதிர்காலத்தில் பூமி ஆடியது. பாறையைக் குடைந்து கட்டிய வீடுகள் எங்களுடையவை; பூமி ஆடினால் கூரையும் சுவரும் தரையும் ஒரே கல்லாகச் சேர்ந்து ஆடும். ஒராசா முழுக்கக் குருவானவர் பிலாக்ரியோஸ் வீட்டு வாசலில் வரிசையில் நின்று பாவத்தைச் சொன்னது. மறுநாள் பூமி ஆடவில்லை. சொன்னவர்களில் பலர் அவசரப்பட்டுவிட்டோமே என்று முகம் சுளித்தபடி குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டப் போனார்கள். தோம்னிகாவின் மருமகள் மெலித்தினி மட்டும், ஆட்டம் நின்று மூன்றாம் வாரம், யாரும் கூப்பிடாமல் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை பிற்பகல், மெலித்தினி வாற்கோதுமை மாவு பிசைந்துகொண்டிருந்தாள். தோம்னிகா கொண்டைக்கடலையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, உப்பை ரெண்டு தரம் போடுறே? யாரு செத்தா?"

"நாளைக்கு நான் அப்பம் வாங்க மாட்டேன், அத்தை."

அதற்குமேல் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. தோம்னிகாவுக்கு முதலில் வந்தது கோபம் அல்ல, அவமானம். ஊரில் எந்த வீட்டுக் கதவு எப்போது திறந்து மூடுகிறது என்று அறிந்தவளுக்குத் தன் வீட்டுக் கதவு தெரியாமல் போயிருக்கிறது.

"யாருடி?"

தண்ணீர்த்தொட்டி கட்ட வந்து, கட்டி முடித்து, கோடையிலேயே கிழக்கே போய்விட்ட கல்தச்சன் என்று மெலித்தினி சொன்னாள்.

"அந்த ஒல்லிப்பயலா? நான் அவனுக்குத் தினம் கஞ்சி ஊத்தினேனேடி." கையிலிருந்த அகப்பையால் தோளில் இரண்டு போட்டாள். மூன்றாவதற்கு ஓங்கியவள் நிறுத்திக்கொண்டாள். "போனவன் போயிட்டான். உன்னை யாரு போயிச் சொல்லச் சொன்னா?"

"பூமி ஆடிச்சு, அத்தை."

"அதான் நின்னுடுச்சே. நின்னப்புறம் ஏன்டி போனே?"

மெலித்தினி மாவைப் பிசைந்துகொண்டே இருந்தாள். தோம்னிகா கடலையைத் தள்ளி வைத்தாள். அவள் மகன், மெலித்தினியின் புருஷன் அகிலாஸ், அப்போது கொட்டடியில் குட்டிக் குதிரைகளுக்கு விதையடித்துக்கொண்டிருந்தான். அவன் கெட்டவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஏழைக்குக் கொடுப்பான், நோன்பு இருப்பான், சத்திரத்துக்கும் போவான். ஆனால் ஒருமுறை அவனுடைய சிவப்புக் குதிரை அவன் தோளைக் கடித்துவிட்டது. நின்ற இடத்திலேயே வெட்டிப் போட்டான். அவனுக்கு மிகவும் பிடித்த குதிரை அது. பிறகு இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதான்.

கோயிலில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். ஆண்கள் முதலில் அப்பம் வாங்குவார்கள். வாங்கி முடித்தபின், பெண்கள் வாங்குவதைப் பக்தியோடு வேடிக்கை பார்ப்பார்கள். நாளைக் காலை அகிலாஸ் பத்தடி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான்.

தோம்னிகா சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு குருவானவர் வீட்டுக்கு நடந்தாள்.

பிலாக்ரியோஸ் தலைநகரில் படித்தவர், நல்ல மனிதர், விதிகளை நேசித்தவர். மூன்றாகவும் ஒருவர் ஒரே சமயத்தில் இருப்பது சிரமம். அந்தச் சிரமம் அவர் முகத்தில் எப்போதும் இருக்கும். முற்றத்தில் திராட்சைக்கொடியை நறுக்கிக்கொண்டிருந்தார்.

"சாமி, நாளைக்கு ஒரு நாள் மட்டும் என் மருமகளுக்கு அப்பம் குடுத்துடுங்க."

அரிவாள் நின்றது. "உனக்கு யாரு சொன்னா?"

"உப்பு சொல்லிச்சு."

கொடுக்க முடியாது என்றார். பாவத்தைச் சொன்னவள் கையில் அப்பத்தை வைத்தால் அது அவளுக்கே நெருப்பு என்றார். பெயரை யாரிடமும் சொல்ல மாட்டேன், வாசலில் நிறுத்த மாட்டேன், உள்ளே எல்லாரோடும் நிற்கலாம், இதைவிட என்ன இரக்கம் வேண்டும் என்று கேட்டார்.

"நூறு கை நீளுற இடத்துல ஒருத்தி மட்டும் கையைக் கட்டிக்கிட்டு நின்னா, நீங்க பேரு வேற சொல்லணுமா, சாமி?"

அது அவருக்குத் தெரியாமல் இல்லை. அந்த வாரம் முழுக்க அதையே நினைத்துத்தான் ஏற்கெனவே நறுக்கிய கொடியைத் திரும்பத் திரும்ப நறுக்கிக்கொண்டிருந்தார். விதியை எழுதியவர்கள் பெரிய நகரத்துக்காரர்கள். ஆயிரம் பேர் நிற்கிற கோயிலில் ஒருத்தியின் கை யார் கண்ணிலும் படாது. ஒராசாவை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

"உடம்புக்கு முடியலைன்னு வீட்டுலயே வச்சுக்கறேன்."

"பதினஞ்சு வருஷமா?"

தோம்னிகா வேறு பக்கமாக வந்தாள்.

"சரி, என் மகன் சத்திரத்துக்குப் போறானே, அதுக்கு என்ன?"

"அது போர்னேயா. அவனா வந்து சொன்னா ஏழு வருஷம்."

"சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா எனக்குத் தெரியாது."

"அதான் நான் சொல்றேனே."

"நீ சொன்னா அது புறணி."

"ஆண்டவர் ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் சேர்த்துத்தானே சாமி சொன்னாரு?"

"சேர்த்துத்தான் சொன்னாரு," என்றார் பிலாக்ரியோஸ், அரிவாளைப் பார்த்தபடி. "நாங்கதான் பிரிச்சு வச்சிருக்கோம்."

அந்த நேர்மைக்காக அவள் அவரை மன்னித்துவிட்டாள். ஆனால் அப்பம் கிடைக்கவில்லை.

மறுநாள் ஆண்கள் வாங்கி முடித்தார்கள். அகிலாஸ் உதட்டைத் துடைத்துக்கொண்டு திரும்பி நின்றான். பெண்கள் வரிசையில் விதவைகள் முதலில் போவது வழக்கம், தோம்னிகா விதவை. அன்றைக்கு மருமகளை இழுத்துத் தனக்கு அடுத்தாற்போல் நிறுத்திக்கொண்டாள். பிலாக்ரியோஸ் அப்பத்தோடு வந்தார். வலது கையை இடது கைமேல் வைத்து, அரியணைபோலக் குழித்து நீட்ட வேண்டும். தோம்னிகா இரண்டு கையையும் சால்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

குருவானவர் நின்றார். அவர் கை அந்தரத்தில் நின்றது.

"எனக்கு இல்லை, சாமி," என்றாள் தோம்னிகா. மெதுவாகத்தான் சொன்னாள். மெதுவாகச் சொல்வது அவளுக்குப் பழக்கமில்லாததால் கோயில் முழுக்கக் கேட்டது. பிறகு கால் மடங்கினாற்போலத் தள்ளாடி, மருமகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். மெலித்தினி தாங்கிக்கொண்டாள். இருவரும் வரிசையை விட்டு விலகிச் சுவரோரம் போய் நின்றார்கள். முந்தின படிகளில் நிற்காமல் உள்ளே நின்று அப்பம் மட்டும் வாங்காதவள் என்றால் அது என்ன பாவம் என்று ஊருக்கே தெரியும். ஒராசாவின் கண்கள் எல்லாம் கிழவிமேல் இருந்தன. அவளைத் தாங்கி நின்றவள் அப்பம் வாங்கினாளா என்று யாருக்குப் பார்க்கத் தோன்றும்?

ஆராதனை முடிந்ததும் பிலாக்ரியோஸ் அவளைத் தூணுக்குப் பின்னால் மறித்தார். செய்யாத பாவத்துக்குத் தண்டனை கொடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார்.

"நீங்க எங்க குடுத்தீங்க? கை என்னோடது. நீட்டுனா நீட்டுறேன், நீட்டாட்டி போறேன்."

அதற்கு விதி இருக்கிறதா என்று அவர் அன்று மாலைவரை தேடினார். வேண்டாம் என்கிறவளுக்கு வலிய ஊட்டச் சொல்லி யாரும் எழுதி வைக்கவில்லை.

அகிலாஸ் வெயில் தாழும்போது கொட்டடிக்கு அவளை அழைத்தான். விதையடிக்கும் கத்தி கல்மேல் கிடந்தது.

"யாரும்மா அது?"

"எது யாரு?"

"ஊரு சிரிக்குது."

"ஊருக்குப் பல்லு இருக்கு, சிரிக்குது."

அவன் கத்தியை எடுத்தான், பார்த்தான், வைத்தான். "நான் யாரு மகன்? அதையாவது சொல்லு."

அதை அவள் எதிர்பார்க்கவில்லை. முந்தின நாள் முழுக்க எல்லாக் கணக்கையும் போட்டவள் இதைப் போடவில்லை. அவன் காதுகளைப் பார்த்தாள். ஹெர்மியாஸின் காதுகள், கொஞ்சமும் குறையாமல், இரண்டு பக்கமும் விரிந்து நின்றன.

"கடிச்ச குதிரையை வெட்டினியே, அன்னைக்கே உனக்குத் தெரிய வேணாமா? உங்கப்பன் ஒரு கழுதையை வெட்டினான். அது கடிக்கக்கூட இல்லை. அவன் மகன்தான்டா நீ."

"அப்ப எதுக்கு..."

"பொண்டாட்டின்னா தள்ளி வைக்கலாம். பெத்தவளை எங்கடா தள்ளி வைப்பே? எங்க கொண்டுபோய்த் தள்ளினாலும் உங்கம்மாதான். போ, குதிரைக்குத் தீனி வை."

அவன் போய்த் தீனி வைத்தான். வேறு என்ன செய்வது என்று சட்டத்திலும் இல்லை, வழக்கத்திலும் இல்லை. சத்திரத்துக்குப் போவதைச் சில காலம் நிறுத்தினான். வீட்டில் ஒருவர் விழுந்தது போதும் என்று நினைத்தானோ என்னவோ.

அடுத்த ஞாயிற்றுக்குள் தோம்னிகா ஒரு வாக்கியம் தயாரித்து, மருமகளைச் சொல்லிச் சொல்லிப் பழகச் செய்து, கிணற்றடிக்கு அனுப்பினாள்: "எங்க அத்தை பசியோட நிக்கையில எனக்கு எப்படித் தொண்டைக்குள்ள இறங்கும்?" மெலித்தினி தரையைப் பார்த்துக்கொண்டு அதைச் சொன்னபோது கேட்ட பெண்களுக்குக் கண் கலங்கியது. அன்றிலிருந்து ஒராசாவில் மாமியார்கள் எல்லாரும் தங்கள் மருமகள்களுக்கு மெலித்தினியைக் காட்டினார்கள். கெட்டுப்போன கிழவியைக் கைவிடாமல், தன் அப்பத்தையும் துறந்து பக்கத்தில் நிற்கிறாளே, அவளல்லவா கற்புக்கரசி என்றார்கள். பிலாக்ரியோஸிடமே வந்து, அவளைப்பற்றி ஒரு பிரசங்கம் செய்யக் கூடாதா என்று கேட்டார்கள். அவருக்கு இருமல் வந்தது. அது வருடக்கணக்காக, அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் வந்தது.

ஆண்கள் பக்கம் வேறு விளைவு. அந்த இன்னொருவன் யார் என்ற கேள்வி ஊரில் தங்கிவிட்டது. மாவு அரைக்கும் லோலியோஸ், பல் போன கிழவன், ஒருநாள் மதுக்கடையில் கேட்கப்பட்டபோது மறுக்கவில்லை. கோப்பைக்குள் பார்த்துப் பெருமூச்சு விட்டான். மறுவாரம் ஓய்வுபெற்ற படைவீரன் ஒருவன் தாடியை வாரிக்கொண்டு கோயிலுக்கு வந்தான். செய்தவன் இல்லாத பாவத்துக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடினார்கள். லோலியோஸின் மனைவி நேராக வந்து தோம்னிகாவின் உப்புக்கண்டக் கயிறுகளை அறுத்துப் போட்டாள்.

தோம்னிகாவுக்கு வலித்தது அது அல்ல. அவள் போனால் கிணற்றடியில் பேச்சு நின்றது. முப்பது வருடம் ஊர்க்கதையைச் சுமந்தவளிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. யார் வீட்டில் பிரசவம் என்பதுகூடக் குழந்தை அழுதபின்தான் தெரிந்தது. இன்னொன்றும் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அப்பம் நெருங்கும்போது வலது கை பழக்கத்தில் தானாக எழும்பும். சால்வைக்குள் இடது கையால் அதைப் பிடித்து அழுத்திக்கொள்வாள்.

மருமகளிடம் அவள் இனிமையாகிவிட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். வீட்டுக்குள், அகிலாஸ் இல்லாத வேளையில், ஏசாத நாள் இல்லை. "அந்த ஒல்லிப்பயலுக்காகவாடி நான் பட்டினி கிடக்கேன்? கொஞ்சம் சதைப்பிடிப்பா ஒருத்தனைப் பார்த்திருக்கக் கூடாதா?" மெலித்தினி ஒருமுறை, நீங்கள் என்னை மன்னித்துவிட்டீர்களா அத்தை என்று கேட்டாள். மன்னிப்பது குருவானவர் வேலை, எனக்கு உப்பு அரைக்கிற வேலை இருக்கிறது என்று தோம்னிகா சொன்னாள்.

ஏழாவது குளிர்காலத்தில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. பனி கதவுவரை ஏறியிருந்தது. சாகப்போகிறவருக்கு எந்தத் தண்டனைக் காலத்திலும் அப்பம் உண்டு, அது விதி. பிலாக்ரியோஸ் பனியில் நடந்து அப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார். அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. கடைசியில் விதியும் நியாயமும் ஒரே படுக்கையருகில் சந்தித்திருக்கின்றன. அகிலாஸை வெளியே போகச் சொன்னார்.

"கையை நீட்டு, தோம்னிகா. இது உனக்கு எப்பவும் உண்டுதான்."

அவள் மூச்சு இரைக்க, சுவரோரம் நின்ற மெலித்தினியைப் பார்த்தாள்.

"நான் போயிட்டா அடுத்த ஞாயித்துக்கிழமை இவ யாரைத் தாங்கிக்கிட்டு நிப்பா?"

குருவானவர் மெலித்தினியைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப அதை எடுத்துக்கிட்டுப் போங்க. எனக்கு இப்ப சாகத் தோதில்ல."

அவர் எடுத்துக்கொண்டு போனார். அவள் சாகவில்லை. உப்புக்கண்டத்தைச் சாற்றில் வேகவைத்துக் குடித்து, நோன்பு முடிவதற்குள் எழுந்து நடந்தாள். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு குளிர்காலத்தையும் சண்டைக்கு வந்த அண்டைவீட்டுக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். கால் போனது. நல்ல கண்ணும் மங்கியது. கடைசி வருடங்களில் தாங்குவது நடிப்பாக இல்லை. மெலித்தினி உண்மையாகவே அவளைத் தூக்கிக்கொண்டு போய் நிறுத்தினாள்.

பதினைந்தாம் வருடம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பேரும் கை நீட்டினார்கள். நரைத்துப்போன அகிலாஸ் வலப்பக்கம் நின்று, அம்மாவுக்கு மன்னிப்புக் கிடைத்ததே என்று தேம்பி அழுதான். பிலாக்ரியோஸ் அவள் கையில் அப்பத்தை வைக்கும்போது வழக்கமான வார்த்தைகளை மறந்துவிட்டார். தோம்னிகாவே எடுத்துக்கொடுத்தாள்.

அடுத்த கோடையில், இறைச்சி காயப்போடும் பருவத்தில், அவள் செத்துப்போனாள். அதற்கடுத்த வருடம் பிலாக்ரியோஸும் போனார்; தெரிந்ததைத் தன்னோடு கொண்டுபோனார். புதிதாக வந்த குருவானவர் ஒழுங்கானவர். மரித்த பாவிகளை ஒழுங்காக நினைவுகூர வேண்டும் என்று ஊரில் விசாரித்தார். தோம்னிகாவைப்பற்றி விவரமாகச் சொன்னவன் லோலியோஸ். கண்வீச்சு என்பதும் இன்சொல் என்பதும் அவன் கொடுத்த சொற்கள்.

அந்தச் சனிக்கிழமையில் அதை வாசிக்கும்போது மெலித்தினி இப்போதும் சுவரோரம்தான் நிற்கிறாள். தோம்னிகா செய்தது இவ்வளவுதான்: மருமகள் தனியாக நிற்கக் கூடாது என்பதற்காக, பதினைந்து வருடம் அப்பம் வரும்போதெல்லாம் கை நீட்டாமல் அவள் பக்கத்தில் நின்றாள்.